சோப்புத் தண்ணீர் பூச்சியைக் கொல்லும், செடிக்குச் சோறு போடாது

குமரி மாவட்டம் கருங்கல் பக்கம் வீட்டைச் சுற்றிப் பத்து சென்ட் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சோப்புக் கரைசலில் மீன் அமிலம் கலந்து வாரம் ஒருமுறை இலையில் தெளித்தால் உரத்துக்கு உரமும் ஆச்சு, பூச்சிக்கு மருந்தும் ஆச்சு என்றார்கள். துணி சோப்பைச் சீவிப் போட்டு மூன்று வாரம் தெளித்தேன். மிளகாய் இலையின் ஓரம் கருகுகிறது, செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்படியே இருக்கிறது. எந்தச் சோப்பு வாங்க வேண்டும், எத்தனை கிராம் போட வேண்டும்?" மீன் அமிலம் என்பது மீன் கழிவை வெல்லத்தோடு புளிக்கவைத்த கரைசல். கேட்டிருப்பது சோப்பின் பெயரும் அளவும்தான். அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒரே தெளிப்பில் இரண்டு வேலையும் நடக்குமா என்பதே அது. நடக்காது. இரண்டையும் ஒரே தொட்டியில் கலந்ததால்தான் இரண்டும் கெட்டிருக்கின்றன. அதை முதலில் விளக்கிவிட்டால் பெயரும் அளவும் தாமாக வந்து சேரும். நான் தோட்டக்கலை படித்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்குளம், விளவங்கோடு பக்கத்துத் தோட்டங்களில் நடந்துகொண்டிருக்கிறேன். கீழே சொல்வதில் படிப்பும் உண்டு, கைப்பட்டதும் உண்டு.

சோப்பு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன். எண்ணெயையோ கொழுப்பையோ காரத்தோடு சேர்த்தால் கிடைக்கும் உப்புதான் சோப்பு. காஸ்டிக் சோடாவில் செய்தால் கட்டிச் சோப்பு, காஸ்டிக் பொட்டாஷில் செய்தால் மென்மையான அல்லது நீர்மமான சோப்பு. பூச்சிக்கென்று விற்கப்படும் சோப்பு பெரும்பாலும் பொட்டாஷ் சோப்புதான். இதை வைத்துத்தான் "பொட்டாஷ் இருக்கிறது, ஆகவே உரமும் ஆயிற்று" என்ற பேச்சு கிளம்பியது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல பொட்டாஷ் சோப்பில் பொட்டாசியம் எடையில் ஏறக்குறைய 12 சதவீதம். லிட்டருக்கு 10 கிராம் கரைத்தால் ஒரு லிட்டரில் 1.2 கிராம் பொட்டாசியம் இருக்கும். ஒரு வாழைக்கு இரண்டு லிட்டர் தெளித்து, அதில் ஒரு துளிகூடச் சிந்தாமல் இலைக்குள் போனதாகவே வைத்துக்கொண்டாலும் 2.4 கிராம் பொட்டாசியம், உரக்கணக்கில் (பொட்டாசியம் ஆக்சைடாக) ஏறக்குறைய 3 கிராம் சாம்பல்சத்து. ஒரு வாழைக்கு ஆண்டுக்குப் பரிந்துரைக்கப்படும் சாம்பல்சத்து 300 கிராமுக்கும் மேல். கட்டிச் சோப்பில் இந்த 3 கிராமும் கிடையாது. அதில் இருப்பது சோடியம், அது செடிக்கு வேண்டாதது. ஆகவே சோப்பு உரமல்ல. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பூச்சியைக் கொல்லும் என்பதும் அதே அளவுக்கு உறுதி. ஆனால் அதற்குச் சில கறாரான எல்லைகள் உண்டு. சோப்புக் கரைசல் பட்ட பூச்சிதான் சாகும். உடல் மென்மையாக உள்ள அசுவினி, மாவுப்பூச்சியின் குஞ்சுகள், வெள்ளை ஈயின் இளம்பருவங்கள், இலைப்பேன், சிவப்புச் சிலந்தி ஆகியவற்றின் மேல்தோலில் உள்ள மெழுகைக் கரைத்து, உயிரணுச் சவ்வைக் குலைத்துவிடுகிறது. மூச்சுத்துளைகளும் அடைபடுகின்றன. இவற்றில் எது முதலில் கொல்கிறது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தோட்டக்காரருக்கு அதனால் எந்த மாற்றமும் இல்லை. மாற்றம் உண்டாக்குவது வேறொன்று: கரைசல் ஈரமாக இருக்கும்வரைதான் அதற்கு உயிர். காய்ந்த பிறகு வந்து உட்காரும் பூச்சியை அது ஒன்றும் செய்யாது. முட்டையையும் பெரும்பாலும் தொடாது. புழுக்கள், வண்டுகள், தண்டுக்குள் குடையும் துளைப்பான்கள் இதற்கு அசையமாட்டா. கத்தரியில் காய்ப்புழுவுக்குச் சோப்புத் தண்ணீர் தெளிப்பது வீண் உழைப்பு.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி ஏன் போகவில்லை என்பதற்கு ஒரு சிறிய சோதனை போதும். ஒரு கிளையை ஒடித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். கணுவில் பஞ்சு ஒட்டியதுபோல் இருப்பதை ஒரு ஊசிமுனையால் விலக்குங்கள். பஞ்சுக்கு அடியில் இளஞ்சிவப்பாக, ஈரமாக, கால்களை மெல்ல ஆட்டிக்கொண்டு பூச்சி கிடக்கும். அந்தப் பஞ்சு மெழுகு. அதன்மேல் வெறும் தண்ணீரை விட்டால் சேம்பிலையில் விழுந்த மழைத்துளிபோல் உருண்டு ஓடிவிடும். சரியான அளவு சோப்பு கரைந்த துளி உருளாது, பரவி உள்ளே இறங்கும். பஞ்சு நனைந்து, சுருங்கி, பூச்சியின் நிறம் வெளியே தெரிந்தால்தான் தெளிப்பு சேர்ந்தது என்று அர்த்தம். தெளித்த பிறகும் பஞ்சு வெள்ளையாகப் பூத்திருந்தால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

உங்கள் கலவையில் துளி ஏன் பரவவில்லை என்றால், அந்தத் தொட்டியில் அதற்குள் சோப்பே இல்லாமல் போயிருக்கும். மீன் அமிலம், பெயர் சொல்வதுபோலவே, புளித்த பொருள். சோப்பு காரத்தன்மை உள்ளது. புளிப்பு சேர்ந்தவுடன் சோப்பு உடைந்து மறுபடி கொழுப்பு அமிலமாகிவிடுகிறது. ஒரு கண்ணாடி டம்ளரில் சோப்புத் தண்ணீர் எடுத்து அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்து பாருங்கள். நுரை அடங்கி, பால் திரிந்ததுபோல் வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். மீன் அமிலம், புளித்த மோர், பஞ்சகவ்யம் எதோடு கலந்தாலும் ஏறக்குறைய இதுதான் கதி. பூச்சியைக் கொல்லும் சோப்பு போய்விட்டது, இலையில் ஒட்டும் பிசுக்கு மட்டும் மிச்சம். ஊட்ட உப்புகளோடு கலந்தாலும் இப்படியே ஆகும். துத்தநாக சல்பேட், மெக்னீசியம் சல்பேட், கால்சியம் நைட்ரேட் எல்லாம் சோப்போடு சேர்ந்தால் கரையாத தயிராகிவிடும். வேலைக்கு வந்த புதிதில் ஏத்தன் வாழைத் தோட்டம் ஒன்றில் துத்தநாக சல்பேட்டோடு சோப்பைக் கலக்கச் சொன்னவன் நான். தெளிப்பானின் நாசிலைக் கழற்றினால் உள்ளே வெள்ளைக் களிம்பு. அன்று முழுக்க வேலை நின்றது, கூலி வீணானது, அந்த விவசாயிக்கு நட்டம். அதற்குப் பிறகு எந்தக் கலவையையும் முதலில் ஒரு டம்ளரில் கலந்து அரைமணி நேரம் வைத்துப் பார்க்காமல் தொட்டியில் ஊற்றச் சொன்னதில்லை. ரப்பர், பாக்கு, நல்லமிளகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பூசண நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையில் சுண்ணாம்பு இருக்கிறது. அதோடும் சோப்பு சேராது.

கிணற்றுத் தண்ணீரும் இதே வேலையைச் செய்யும். கடலோரத்தில் குளச்சல், முட்டம், இராஜாக்கமங்கலம் பக்கம் பல கிணறுகளில் தண்ணீர் கடினமாக இருக்கிறது. துணி துவைத்தால் நுரை வராமல் திரிதிரியாக வரும் தண்ணீர் என்றால் செடிக்குத் தெளிக்கவும் ஆகாது. அந்தத் தண்ணீரில் நீங்கள் எடைபோட்டுப் போட்ட சோப்பில் ஒரு பங்கு சுண்ணாம்போடு சேர்ந்து படிந்துவிடும், மிச்சம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. நமக்கு இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, துலாமழையும் (வடகிழக்குப் பருவமழை) உண்டு. கூரையில் விழும் மழைத்தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்தால் பத்து சென்ட் தோட்டத்துக்குத் தாராளம். பேச்சிப்பாறைக் கால்வாய்த் தண்ணீர் கிடைக்கும் இடங்களில் இந்தத் தொல்லை குறைவு.

இனி எந்தச் சோப்பு என்ற கேள்வி. துணி துவைக்கும் பொடியும் பாத்திரம் கழுவும் திரவமும் சோப்பு அல்ல, அவை டிடர்ஜென்ட். துணிக் கட்டிகளிலும் பல டிடர்ஜென்டே. சலவைச் சோடாவும் வெளுப்பானும் மணமும் சேர்ந்தவை. அவை பூச்சியையும் கொல்லலாம், ஆனால் இலையின் மேல் உள்ள மெழுகையும் சேர்த்துக் கழற்றிவிடும். நீங்கள் சீவிப் போட்ட கட்டியின் உறையை எடுத்துப் பாருங்கள். டிடர்ஜென்ட் என்று இருந்தால் இலை ஓரம் கருகியதற்குப் பாதிக் காரணம் கிடைத்துவிட்டது. குளியல் சோப்பு உறைகளில் டி.எஃப்.எம். என்று ஓர் எண் இருக்கும். அந்தக் கட்டியில் கொழுப்புப் பொருள் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்வது அது. 76 அல்லது அதற்கு மேல் இருந்தால் முதல் தரம். நம் வேளாண்மைத் துறைப் பரிந்துரைகளில் காதி சோப்பு என்று வருவது, மணமும் நிறமும் சேராத எளிய சோப்பு கிடைக்கட்டும் என்பதற்காகத்தான். இவற்றைவிட நல்லது, இதற்கென்றே செய்த சோப்பு. பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வேப்பெண்ணெயிலும் புங்க எண்ணெயிலும் செய்யும் முறையை உருவாக்கியிருக்கிறது. வேம்புச் சோப்பு, புங்கச் சோப்பு என்று கிடைக்கின்றன. மாவுப்பூச்சிக்கு மீன் எண்ணெய் ரோசின் சோப்பு பழைய, சோதித்த மருந்து. லிட்டருக்கு 25 கிராம் என்பது அதன் பரிந்துரை. வீட்டில் காஸ்டிக் பொட்டாஷ் வாங்கித் தாமே சோப்பு காய்ச்சுவதை நான் ஊக்குவிப்பதில்லை. கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வையே போகக்கூடிய பொருள் அது.

அளவில் ஒரு குழப்பம் எல்லா இடத்திலும் ஓடுகிறது. வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு, அதாவது 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு என்ற கணக்கில் செய்வதற்கு, 200 கிராம் சோப்பு சேர்க்கச் சொல்வார்கள். அது லிட்டருக்கு 2 கிராம். அங்கே சோப்பின் வேலை கொல்வது அல்ல, வேம்பை இலையில் ஒட்டவைப்பது. சோப்பே மருந்தாக இருக்க வேண்டுமானால் லிட்டருக்கு 10 கிராம் வேண்டும். முதல் அளவைப் படித்துவிட்டு "சோப்பு கேட்கவில்லை" என்பவர்களும், இரண்டாவது அளவை வேப்பெண்ணெயோடு சேர்த்துப் போட்டு இலையைக் கருக்கிக்கொண்டவர்களும் என்னிடம் மாறிமாறி வந்திருக்கிறார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு லிட்டருக்கு 5 கிராமில் தொடங்கி, துளி பரவவில்லை என்றால் மட்டும் 10 கிராமுக்குப் போங்கள். வேப்பெண்ணெய் சேர்ப்பதானால் லிட்டருக்கு 5 மி.லி. போதும். பரிந்துரைகளில் 30 மி.லி. வரை உண்டு, ஆனால் மிளகாய்த் தளிருக்கு அது அதிகம் என்பது என் அனுபவம். சோப்பை வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சத்தில் முதலில் கரைத்து, எண்ணெயைச் சிறுகச் சிறுக விட்டு, மோர் கடைவதுபோல் அடித்துப் பாலாக்கிய பிறகே மீதித் தண்ணீரில் ஊற்ற வேண்டும். மேலே எண்ணெய்க் கண் மிதந்தால் தெளிக்காதீர்கள், அந்தக் கண் பட்ட இடம்தான் இலையில் ஓட்டைபோட்டதுபோல் கருகும். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

இலை ஏன் கருகுகிறது என்பதை ஒதுக்கிவிட முடியாது. பூச்சியின் சவ்வைக் குலைக்கும் பொருள் இலையின் சவ்வையும் குலைக்கும். அளவும் நேரமும்தான் இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. இதே கொழுப்பு அமிலக் குடும்பத்தில் 9 கார்பன் கொண்ட ஒன்று களைக்கொல்லியாகவே விற்கப்படுகிறது. வாடிய செடி, வெயிலேறிய நேரம், புதுத் தளிர் ஆகிய மூன்றும் ஆபத்தானவை. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் தெளிக்கவே கூடாது. காலை ஏழு மணிக்கு முன்போ மாலை ஐந்துக்கு அருகிலோ தெளியுங்கள். துளி மெல்லக் காய வேண்டும், ஆனால் விடியும்வரை இலை நனைந்தே இருக்கவும் கூடாது. முதலில் ஒவ்வொரு செடி வகையிலும் நான்கு இலைக்கு மட்டும் தெளித்து இரண்டு நாள் காத்திருங்கள். உங்கள் மிளகாயை நான் பார்க்கவில்லை என்பதால் கருகலுக்குச் சோப்புதான் காரணம் என்று இங்கிருந்தே அறுதியிட மாட்டேன். சாம்பல்சத்துக் குறைந்தாலும் ஓரம் கருகும், ஆனால் அது வயதான இலையில் தொடங்கும். தெளிப்பால் வந்த கருகல், துளி வழிந்து தேங்கும் நுனியிலும் ஓரத்திலும், அன்று விரிந்திருந்த எல்லா இலையிலும் ஒரேமாதிரி இருக்கும். இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். புதிதாக வரும் இலை சுத்தமாக வந்தால் தெளிப்புதான் காரணம். மீன் அமிலத்துக்கு உப்பிட்ட மீன் கழிவைப் போட்டிருந்தால் அந்த உப்பும் கருக்கியிருக்கும்.

இலைவழி ஊட்டம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது உண்மை, ஆனால் சிறிய உண்மை. இலை வாய்போல் விழுங்குவதில்லை. மேல்தோலின் நுண்ணிய வழிகளிலும் இலைத்துளைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். கிராம்கணக்கில் வேண்டிய துத்தநாகம், போரான், இரும்பு போன்றவற்றுக்கு அது போதும், நன்றாகவே வேலை செய்யும். நம் மேற்குப் பகுதியின் செம்புரை மண், கொட்டும் மழையில் சத்து கரைந்து புளிப்பேறிய மண். அங்கே நுண்ணூட்டத் தெளிப்பின் பலனை இரண்டு வாரத்தில் கண்ணால் பார்க்கலாம். தழை, மணி, சாம்பல் சத்துகளுக்கு வேர்தான் வழி. அவற்றில் யூரியா மட்டும் இலைவழி விரைவாக ஏறும், லிட்டருக்கு 10 கிராம் தாண்டாமல் அவசரத்துக்குக் கொடுக்கலாம். பெங்களூரு நிறுவனம் வாழைக்கென்று வெளியிட்டுள்ள நுண்ணூட்டக் கலவையில் லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, 15 லிட்டர் தொட்டிக்கு ஒரு சிறிய ஷாம்பு பாக்கெட்டும் இரண்டு எலுமிச்சம்பழச் சாறும் சேர்க்கச் சொல்கிறார்கள். சோப்பு சொல்லாமல் ஷாம்பு சொன்னது ஏன் என்பது இப்போது உங்களுக்கே விளங்கும். துத்தநாகத்தோடும் புளிப்போடும் ஷாம்பு திரியாது. மெழுகு பூசிய மட்டி வாழை இலையில் துளி தங்க அது துணை செய்யும், அவ்வளவுதான் அதன் வேலை. மீன் அமிலத்தின் பலன் தொட்டிக்குத் தொட்டி மாறுகிறது. சாளைக் கழிவா, எத்தனை நாள் புளித்தது, வெல்லம் எவ்வளவு என்பதைப் பொறுத்து அது வேறு வேறு பொருள். தெளித்த இலை பச்சை கூடுவதை நானே பல இடங்களில் பார்த்திருக்கிறேன். எவ்வளவு விளைச்சல் கூடும் என்று எண் சொல்ல மாட்டேன். கொடுங்கள், ஆனால் சோப்பில்லாமல், தனியாக, வேறு நாளில். சோப்புத் தெளித்து மூன்று நாள் கழித்து லிட்டருக்கு 5 மி.லி. போதும், அதையும் வேரில் ஊற்றினால் இன்னும் நல்லது.

மாவுப்பூச்சிக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் இங்கே ஒரு தவறு எல்லோரும் செய்வது. வெள்ளைப் பஞ்சுக்கு நடுவே அதே வெள்ளையில், ஆனால் இரண்டு மடங்கு பெரிதாக, நீண்ட மெழுகு இழைகளோடு, தொட்டால் வேகமாக நகரும் ஒரு புழு இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அது மாவுப்பூச்சி அல்ல, மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் குஞ்சு. வண்டினம் என்றாலும் குஞ்சின் உடல் மென்மையானது, சோப்பு அதையும் கொல்லும். அந்தப் புழு தெரியும் கிளைக்குத் தெளிக்காதீர்கள். 2008-இல் கோயம்புத்தூரில் தொடங்கித் தமிழ்நாடு முழுவதும் பப்பாளியையும் மரவள்ளியையும் பாழாக்கிய பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியது மருந்து அல்ல. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிதான். பூச்சி குறைவாக இருந்தால் கிளையை வெட்டி எரிப்பதும், கையால் துடைப்பதும், குழாய்த் தண்ணீரை அழுத்தமாகப் பீய்ச்சுவதும் சோப்புக்கு முன் செய்ய வேண்டியவை. எறும்பையும் பாருங்கள். மாவுப்பூச்சியின் தேன்கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காத்து, செடிக்குச் செடி தூக்கிக்கொண்டும் போகும். எறும்புப் பாதையை மறிக்காமல் சோப்புத் தெளித்தால் பத்து நாளில் பழைய கதைதான்.

தென்னையிலும் வாழையிலும் சுருள் வெள்ளை ஈ படிந்து இலை கருப்பாகியிருந்தால், உயரமான மரத்துக்குச் சோப்பை ஏற்ற முயல வேண்டாம். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தெரியவந்த அந்தப் பூச்சிக்கும் ஒட்டுண்ணி உண்டு, மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைப் பசையாக்கித் தெளித்தால் காய்ந்து செதில் செதிலாக உதிரும். மரச்சீனியில் (மரவள்ளி) இலை சுருண்டு மஞ்சள் திட்டு விழுந்திருந்தால் அது தேமல் நோய், வைரஸ். வெள்ளை ஈயைக் கொன்றாலும் அந்தச் செடி தேறாது. நல்ல கம்பு எடுத்து நடுவதுதான் வழி. வாழையில் முடிக்கொத்து நோய் பரப்பும் அசுவினியும் அப்படியே. அது இலைமட்டைகளின் இடுக்கில் ஒளிந்திருக்கும், மேலிருந்து தெளிக்கும் எந்தத் துளியும் அங்கே போய்ச் சேராது. நோய் கண்ட வாழையைக் கிழங்கோடு எடுத்து அழிக்க வேண்டும்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது இது. மீன் அமிலக் கலவையை நிறுத்துங்கள். மிளகாயை அதிகாலையில் நல்ல தண்ணீரால் ஒருமுறை கழுவிவிட்டு இரண்டு வாரம் ஒன்றும் தெளிக்காமல் விடுங்கள். செம்பருத்தியில் அதிகம் பிடித்த கிளைகளை வெட்டி எரித்துவிட்டு, மீதிக்கு மழைத்தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் சோப்பு, கணுக்களிலும் இலையின் அடிப்பக்கத்திலும் பஞ்சு நனையும்வரை. முட்டை தப்பியிருக்கும் என்பதால் ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை. வாரந்தோறும் வழக்கமாகத் தெளிக்க வேண்டாம், பூச்சி இல்லாத செடிக்குச் சோப்பால் எந்த நன்மையும் கிடையாது, கட்டிச் சோப்பானால் சோடியம்தான் மண்ணில் சேரும். மூன்றாவது தெளிப்புக்குப் பிறகும் பஞ்சு பூத்தால் ஒரு படம் அனுப்புங்கள். படத்தை இலையின் மேல்பக்கம் எடுக்காமல் கணுவையும் அடிப்பக்கத்தையும் எடுங்கள், அந்தக் கிளையில் எறும்பு ஏறுகிறதா என்பதையும் எழுதுங்கள்.